படம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்: வீடியோ எடிட்டிங் கோளாறுகளும் நிவாரணமும்

பொங்கல் விழாவோ நவராத்திரி நிகழ்ச்சியோ முடிந்த மறுவாரம் என் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. "அங்கிள், எடிட் பண்ண உட்கார்ந்தேன், வாய் ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது" என்று ஒருவர். "நேத்து வரைக்கும் இருந்த கிளிப் எல்லாம் இன்னிக்குக் காணோம் சார்" என்று இன்னொருவர். "ஃபைல் திறக்கவே மாட்டேங்குது மாமா" என்று மூன்றாமவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒரே கட்டுரையாக எழுதிவிடுங்களேன் என்று ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

நான் சினிமாக்காரன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்து 37 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மழைக்காலத்தில் வண்டியே இல்லாத பாதையில் சிக்னல் சிவப்பாக நிற்கும். ஜல்லியில் தேங்கிய தண்ணீர் வழியே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் மின்சாரம் கசிந்து ரிலே விழுந்திருக்கும். நடுராத்திரி குடையும் மீட்டருமாகப் போய், கண்ட இடத்தில் கை வைக்காமல், முதலில் பாதியில் அளந்து பார்ப்போம். அங்கே மின்னழுத்தம் சரியாக இருந்தால் கோளாறு அந்தப் பக்கம். இல்லாவிட்டால் இந்தப் பக்கம். மறுபடி அதில் பாதி. வீடியோ கோளாறுக்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் இதுதான். கோப்பில் கோளாறா, கணினியில் கோளாறா, மென்பொருளில் கோளாறா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். சந்தேகமான கோப்பை வி.எல்.சி. ப்ளேயரில் ஓட்டிப் பாருங்கள். அதில் நன்றாக ஓடி எடிட்டிங் மென்பொருளில் மட்டும் தகராறு செய்தால், பெரும்பாலும் கோப்பு கெட்டுப்போகவில்லை, அதன் வகைதான் மென்பொருளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். வி.எல்.சி.யிலும் ஓடாவிட்டால்தான் கோப்பைச் சந்தேகிக்க வேண்டும். கணினியை ஃபார்மட் செய்வது, மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுவது எல்லாம் அதற்கப்புறம். நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்!

அடுத்து, எம்.பி.4, எம்.ஓ.வி., எம்.கே.வி. என்று கோப்பின் வால் பகுதியில் இருக்கும் எழுத்துக்களைப் பற்றி. இவை படத்தின் வகை அல்ல, பெட்டியின் வகை. சரக்கு ரயிலில் கன்டெய்னர் போகிறதல்லவா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீள அகலம். உள்ளே துணி இருக்கிறதா, இயந்திரம் இருக்கிறதா என்று தெரியாது. இதையும் கன்டெய்னர் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் சரக்கை மடித்து வைத்திருக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264 என்ற முறையை அநேகமாக எல்லாக் கணினியும் பிரித்துவிடும். 2013-இல் வந்த எச்.265 இன்னும் இறுக்கமாக மடிக்கும். இடம் மிச்சம், ஆனால் பிரிப்பதற்குக் கணினிக்கு வேலை அதிகம். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், அதற்கு வசதியுள்ள ஐபோன்கள் இந்த முறையில்தான் பதிவு செய்கின்றன. "இரண்டுமே எம்.பி.4 தான் சார், ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை" என்ற புகாருக்கு இதுதான் காரணம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது, வினாடிக்கு எத்தனை படம், ஒலி எந்த வேகத்தில் பதிவாகியிருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதிக் காட்டிவிடும். சிக்னல்காரனுக்கு மீட்டர் எப்படியோ அப்படி. முதலில் இதைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வாயும் பாட்டும் விலகும் கதைக்கு வருகிறேன். அதிகப் பேரை அலைக்கழிப்பது இதுதான்.

வீடியோ என்பது வினாடிக்கு 25 அல்லது 30 நிழற்படங்களின் வரிசை. ஒலி வினாடிக்கு 48,000 துளிகளாகப் பதிவாகிறது. ஒலி இந்தக் கணக்கில் ஏறக்குறைய பிசகுவதே இல்லை. ஆனால் கைத்தொலைபேசி படத்தின் கணக்கில் பிசகும். அரங்கில் விளக்கை அணைத்தால் வெளிச்சம் போதாமல் 30 படம் எடுக்க வேண்டிய இடத்தில் 24 எடுக்கும். சூடேறினால் நடுவில் சிலதை விட்டுவிடும். எந்தப் படம் எந்த நொடியில் எடுத்தது என்று கோப்பிலேயே குறித்து வைத்துக்கொள்வதால், தொலைபேசியில் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பல எடிட்டிங் மென்பொருட்களோ அந்தக் குறிப்பைப் பார்க்காமல், வினாடிக்கு 30 என்று தானே முடிவு செய்து படங்களை வரிசையாக அடுக்கிவிடுகின்றன. ஒலி தன் வேகத்தில் போகும், படம் வேறு வேகத்தில் போகும். சில புதிய மென்பொருட்கள் இதைச் சமாளிக்கின்றன, எல்லாம் அல்ல. மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று இருந்தால் வியாதி இதுதான்.

மருந்து எளிது. எடிட்டிங்குக்குக் கொண்டுபோவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு, ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து, அதன் அருகில் கான்ஸ்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தரத்துக்கான ஆர்.எஃப். எண்ணை 16 அல்லது 18 என்று வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். இதை எடிட் செய்த பிறகு செய்து பயனில்லை. வெட்டி ஒட்டிய பிறகு மூலக் கோப்பை மாற்றினால் அத்தனை வெட்டும் இடம் மாறிப்போகும்.

விலகலிலும் இரண்டு ஜாதி உண்டு. ஆரம்பத்திலும் அரை வினாடி, கடைசியிலும் அரை வினாடி என்றால் அது வெறும் இடப்பிசகு. ஒலியை நகர்த்தி வைத்தால் தீர்ந்தது. ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போகக் கூடினால் அது வேகப்பிசகு. எவ்வளவு கூடுகிறது என்று அளந்தால் காரணம் தெரிந்துவிடும். வினாடிக்கு 29.97 படம் உள்ள கோப்பை 30 என்று எடுத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு ஒரு பங்கு பிசகும். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் அது 5.4 வினாடி. உங்கள் அளவும் அதற்கு அருகில் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். குரலே கீச்சுக் குரலாகி வேகமாகப் போகிறது என்றால், 44,100 துளிகளில் பதிவான ஒலியை 48,000 என்று ஓட்டுகிறீர்கள்.

சென்ற வருடம் நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு அரங்கேற்றம் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். கும்பகோணத்தில் இருக்கும் பாட்டியால் அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியவில்லை. பேத்தி ஆடியதை டிவியில் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான்கு பேர் படமெடுத்தார்கள்: இரண்டு தொலைபேசிகள் முன்வரிசையில், ஒன்று கடைசி வரிசையில் ஸ்டாண்டில், ஒரு பழைய டிஜிட்டல் கேமரா பக்கவாட்டில் பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்து. ஒலி தனியாக, மிக்ஸரிலிருந்து ஒரு ரெக்கார்டரில். வெளியே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து வாங்கிய வீடியோவில், வர்ணத்துக்கு வரும்போது சலங்கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பாட்டும் பேச்சும் கொஞ்சம் விலகினால் பொறுத்துக்கொள்ளலாம். தாளம் விலகினால் நாட்டியம் தெரிந்தவரால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. அந்தப் பாட்டியும் சிறுவயதில் நாட்டியம் கற்றவராம். அவருக்கு இதை எப்படி அனுப்புவது என்று அந்தப் பெண்ணின் தகப்பனார் மூலக் கோப்புகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

தொலைபேசிக் கோப்புகள் மூன்றும் நான் மேலே சொன்ன வேரியபிள் வியாதிதான். மாற்றியதும் பெரும்பகுதி சரியாயிற்று. ஆனாலும் கடைசிக்கு வரும்போது சுமார் மூன்றில் ஒரு பங்கு வினாடி இடித்தது. இது ரெக்கார்டரின் கடிகாரத்துக்கும் தொலைபேசியின் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம். எந்தக் கருவியின் கடிகாரமும் நூற்றுக்கு நூறு சரியில்லை. பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகினாலே 2 மணி நேரத்தில் 0.36 வினாடி, அதாவது 25 படக் கணக்கில் 9 படம். இதற்கு மென்பொருளில் ஒலியை இழுத்து நீட்ட வழி உண்டு. நான் அதைவிட எளிய வழியில் போனேன். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம் என்று ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக வெட்டி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒலியை மறுபடி பொருத்தினேன். பொருத்துவதற்கு சினிமாக்காரர்கள் கிளாப் பலகை தட்டுவார்கள். நமக்கு அது வேண்டியதில்லை. நட்டுவாங்கத் தாளம் இருக்கிறதே! ஒலிக் கோட்டில் ஊசி போல் நிற்கும். தாளம் தட்டும் படத்தையும் அந்த ஊசியையும் நேர்க்கோட்டில் வைத்தால் போதும். வர்ணம் மட்டும் நீளமானது என்பதால் நடுவில் ஒரு ஜதி முடிந்து அமைதியாகும் இடத்தில் இன்னொரு முறை பொருத்தினேன்.

கடைசி வரிசைத் தொலைபேசி மட்டும் என்ன செய்தும் 2 படம் தள்ளியே நின்றது. அது கோளாறே அல்ல. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருக்கும் தொலைபேசிக்கு ஒலி 0.07 வினாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தொலைபேசியின் ஒலியைக் காதால் கேட்டுப் பொருத்தினால் படம் முந்தும். தாளம் தட்டுவதைக் கண்ணால் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

ஆனால் அந்த வேலையில் எனக்குத் தூக்கம் கெட்டது நான்காவது கேமராவால். அதன் பாட்டரி பலவீனமாக இருந்ததால் நேரடியாக அடாப்டரில் செருகி ஓட்டியிருக்கிறார்கள். தில்லானா நடக்கும்போது மேடைப் பக்கத்துப் பிளக்கில் மின்சாரம் போய்விட்டது. விளக்கும் மைக்கும் வேறு இணைப்பு என்பதால் நிகழ்ச்சி நிற்கவில்லை, கேமரா மட்டும் அணைந்தது. அந்தக் கடைசிக் கோப்பு 2.9 ஜிகாபைட் அளவு காட்டுகிறது, எதிலும் திறக்கவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் "இது போய்விட்டது" என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதில் மிருதங்கம் வாசித்தவர் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர். நம் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர். அரங்கேற்றம் முடிந்து மூன்று மாதத்தில் காலமாகிவிட்டார். மற்ற தொலைபேசிகள் எல்லாம் நாட்டியப் பெண்ணைப் பார்த்து இருந்தன; அவர் கைகளை நெருக்கத்தில் எடுத்தது இந்த ஒரு கேமராதான். மாமி என்னிடம் அதிகம் பேசவில்லை. "அவர் கை தெரியறதா பாருங்கோ" என்றார், அவ்வளவுதான்.

எம்.பி.4 கோப்பில் படமும் ஒலியும் வரிசையாக எழுதப்பட்டுக்கொண்டே போகும். எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு நீளம் என்ற அட்டவணை தனியாக ஒரு பகுதியில் இருக்கும். அதற்கு மூவ் ஆட்டம் என்று பெயர். பெரும்பாலான கேமராக்கள் அதைப் பதிவு முடிந்து நிறுத்தும்போது, கடைசியில்தான் எழுதுகின்றன. நடுவில் மின்சாரம் போனால் சரக்கு எல்லாம் வண்டியில் இருக்கும், சரக்குப் பட்டியல் மட்டும் இருக்காது. பட்டியல் இல்லாததால் எந்த மென்பொருளும் வண்டியைத் திறக்க மறுக்கிறது. சரக்கு கெடவில்லை!

இதற்கு அன்ட்ரங்க் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த ஒரு நல்ல கோப்பை அதற்கு மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த கோப்பின் பட்டியலைத் தானே எழுதிவிடும். அந்தக் கேமரா 4 ஜிகாபைட்டுக்கு ஒரு கோப்பாகத் துண்டு போட்டிருந்ததால், முந்தைய நல்ல துண்டே மாதிரியாகக் கிடைத்தது. அப்படித் துண்டு போடுவதற்குக் காரணம், 32 ஜிகாபைட் வரையிலான கார்டுகளில் உள்ள எஃப்.ஏ.டி.32 என்ற பழைய ஏற்பாடு. அதில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளர முடியாது. பென்டிரைவில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது இடமிருந்தும் இடமில்லை என்று அது அடம்பிடிப்பதும் இதனால்தான். எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்தால் தீரும். செய்யும் முன் அதில் உள்ளவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டை முழுவதுமாக நகலெடுத்து, அந்த நகலில்தான் வேலை செய்தேன். இரண்டாவது முயற்சியில் கோப்பு திறந்தது. 14 நிமிடம். கடைசி ஒன்றிரண்டு வினாடி மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறிப்போனது. மற்றபடி தில்லானாவின் பெரும்பகுதிக்கு அவர் இரண்டு கைகளும், வலந்தலையில் விரல் விழுவது உட்பட, தெளிவாக இருந்தன. முழு வீடியோ கும்பகோணத்துக்குப் போயிற்று. அந்த 14 நிமிடத்தைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு மாமியிடம் கொடுத்தேன்.

இப்படி ஏதாவது உங்களுக்கு நேர்ந்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: அந்தக் கார்டைக் கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். "கார்டில் பிழை, ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் மேல் இன்னொரு படம் எடுக்காதீர்கள். கோப்பின் அளவு 0 என்று காட்டினால்கூட, மேலே வேறெதுவும் எழுதப்படாத வரை ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் சில சமயம் மீட்க முடியும். மேலே எழுதிவிட்டால் பிரம்மாவாலும் முடியாது.

கிளிப் காணாமற்போவது பெரிய விஷயம் அல்ல. எடிட்டிங் மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பில் உங்கள் வீடியோ இருப்பதில்லை. எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கிறது. நேற்று பென்டிரைவ் ஈ என்ற எழுத்தில் இருந்தது, இன்று எஃப் ஆகிவிட்டது என்றால் விலாசதாரர் இல்லை என்று சிவப்புப் பலகை தொங்கும். ரீலிங்க் என்ற கட்டளையில் புது இடத்தைக் காட்டினால் எல்லாம் திரும்பி வரும். வேலை தொடங்கும் முன்பே ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்து, பிறகு பெயர் மாற்றாமல் இருந்தால் இந்தத் தொல்லையே வராது. ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு "வீடியோ அனுப்பிட்டேன் அங்கிள்" என்பவர்கள் கவனிக்கவும்; அது கால அட்டவணை, வண்டி அல்ல.

எடிட் செய்யும்போது படம் திக்கித் திக்கி ஓடினால் புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள். எச்.264, எச்.265 முறைகளில் ஒவ்வொரு படமும் முழுதாக இருப்பதில்லை. ஒன்றை முழுதாக எழுதி, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் எழுதுகிறார்கள். நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால் கணினி பின்னால் போய் முழுப்படத்தைத் தேடிக் கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ப்ராக்ஸி என்ற வசதி ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் மூன்றிலுமே இருக்கிறது. சிறிய நகலில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசல் கோப்பிலிருந்து வீடியோவை வெளியிடலாம். என் கணினி எட்டு வருடப் பழசு, இதில்தான் ஓடுகிறது.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை எடிட்டிங்குக்குக் கொண்டுவராதீர்கள். வழக்கமான முறையில் அனுப்பினால் அது வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும்; டாகுமென்ட் என்ற வழியில் அனுப்பினால் அசல் அப்படியே வரும். தமிழில் தலைப்புப் போடும்போது கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் அது உங்கள் எழுத்துப் பிழை அல்ல, மென்பொருளுக்கு நம் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. தலைப்பை லிப்ரே ஆஃபீஸில் தட்டச்சு செய்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக மாற்றி மேலே வையுங்கள். 1990-களில் வந்த பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பெயர்ப் பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய வீடியோ கேசட்டுகள் தனிக்கதை. நம் நாட்டில் எடுத்தவை பால் முறை. வினாடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதிகளாக, மொத்தம் 50. கணினியில் பார்க்கும்போது கை அசையும் இடத்தில் சீப்புப் பல் போல் தெரிவது இந்த இரண்டு பாதிகளும் ஒன்றாக விழுவதால். டீஇன்டர்லேஸ் செய்யும்போது 25 ஆக்காமல் 50 ஆக்கினால் அசைவு வழவழப்பாக இருக்கும். அமெரிக்க உறவினர் அனுப்பிய கேசட் என்றால் அது என்.டி.எஸ்.சி., 29.97. இரண்டையும் ஒரே ப்ராஜெக்டில் கலப்பது மீட்டர்கேஜ் வண்டியை பிராட்கேஜ் பாதையில் விடுவது போல; முதலில் மாற்றிக்கொண்டு பிறகு சேருங்கள். கேசட்டில் சிக்னல் பலவீனமான இடங்களில் பதிவுக் கருவி சில படங்களை விட்டுவிடும், ஒலி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கும் பழைய விலகல் வியாதிதான்.

வி.சி.ஆர். தயாரிப்பை ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் கடைசியாக நிறுத்தியது. இருக்கிற இயந்திரங்கள் ஓடும் வரைதான் ஓடும். என்னிடம் நல்ல நிலையில் ஒன்று இருக்கிறது. கல்யாணமோ, பெயர் சூட்டு விழாவோ, பழைய சங்க நாடகமோ, கேசட் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 முதல் 7 வரை சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். செலவு கிடையாது, பதிவை வைத்துக்கொள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும் கொண்டு வாருங்கள். ஜன்னல் வழியே பார்த்து நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால், வீட்டு வி.சி.ஆரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா அறுந்துபோகும், பூஞ்சை இயந்திரத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் கேசட்டுக்கும் பரவும். ஒரு காகிதப் பையில் போட்டு, பிளாஸ்டிக் பை வேண்டாம், அப்படியே எடுத்து வாருங்கள்.